சொந்த ஊர் எது என்று கேட்டால்

கேள்வி: எனக்கு வயது 60. இலங்கையில் அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். 1974-இல், ஒன்பது வயதில், குடும்பத்தோடு இந்தியா வந்தோம். அங்கே எங்களை இந்தியாக்காரர்கள் என்றார்கள். இங்கே இன்றைக்கும் சிலோன்காரி. வாழ்க்கையை எழுதினால் நான் யாரென்று எனக்கே பிடிபடுமோ என்று ஒரு நோட்டு நிறைய எழுதினேன். படித்துப் பார்த்த மகள், "எல்லாம் இருக்கும்மா, நீதான் இல்லை" என்கிறாள். அண்ணனோ, "அப்பா கதையை ஊருக்கெல்லாம் சொல்லாதே" என்கிறார். தொடர்ந்து எழுதலாமா? சில பக்கங்களை இணைத்திருக்கிறேன்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோத்தகிரி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கட்டாயம் எழுதுங்கள். மகள் சொன்னதும் சரிதான், அதையும் மனதில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

நீங்கள் அனுப்பிய பக்கங்களில் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கிய, இலங்கையின் 1948-இன் குடியுரிமைச் சட்டம் இருக்கிறது. அவர்களை இரு நாடுகளும் பங்கிட்டுக்கொள்ள, இலங்கைப் பிரதமரும் இந்தியப் பிரதமரும் 1964 அக்டோபரில் கையெழுத்திட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் இருக்கிறது. 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது என்ற அந்தக் கொடுமையான கணக்கும் இருக்கிறது. வெளியாளுக்கு இது தெரியாமல் உங்கள் கதை புரியாது. ஆனால் அதற்கு ஒரு பக்கம் போதும். நீங்கள் பாதி நோட்டை அதற்கே கொடுத்துவிட்டீர்கள்.

என்னை நிறுத்தியது வேறு ஒரு இடம். இராமானுஜம் கப்பலில் வந்து இறங்கி இராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் முகாமில் பதிவுக்கு நின்றதைச் சொல்லும்போது, போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: "சொந்த ஊர் எது என்று அதிகாரி கேட்டார். நான் அட்டன் என்றேன். அப்பா என் கையைப் பிடித்து இழுத்து, புதுக்கோட்டை என்றார்." அடுத்த வரியில் கோத்தகிரி வந்துவிடுகிறது!

சகோதரி, அங்கேயே கொஞ்ச நேரம் நில்லுங்கள். அப்பாவும் தோட்டத்து லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர்தான் என்று நாலு பக்கம் முன்னால் நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அவரும் அன்றைக்குத்தான் முதன்முதலாக இந்த மண்ணில் கால் வைக்கிறார். கண்ணால் பார்க்காத ஊரை ஏன் சொன்னார்? தாத்தா சொல்லிச் சொல்லி மனதில் ஊறிப்போன பெயரா? பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தபோது எழுதிக்கொடுத்த ஊரா? பிள்ளை வாயிலிருந்து அட்டன் என்று வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயமா? இழுத்தபோது கை வலித்ததா? அவர் முகத்தைப் பார்த்தீர்களா, அம்மா என்ன செய்துகொண்டிருந்தார்? தெரிந்ததை எழுதுங்கள். தெரியாததை ஊகம் என்று சொல்லியே எழுதலாம், தப்பில்லை.

அந்த ஒன்பது வயதுப் பெண்ணுக்கு, அப்பா பொய் சொல்கிறார் என்றுகூடத் தோன்றியிருக்கும். பிள்ளை பெற்று வளர்த்த பிறகு அதே காட்சி உங்களுக்கு வேறு மாதிரி தெரியும். இரண்டு பார்வையும் பக்கத்தில் வரட்டும். இன்றைய நீங்கள் போய் அந்தச் சிறுமியைத் திருத்த வேண்டாம். 'நான் யார்' என்று கேட்டு எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது என்பது என் நம்பிக்கை: அன்றைய நானும் இன்றைய நானும் ஒத்துப்போகாத இடம்.

உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' நூலகத்தில் கிடைத்தால், 1880-இல் கும்பகோணத்தில் அவர் முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்திக்கும் பகுதியைப் படியுங்கள். தான் படித்த அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள் என்று இளைஞரான ஐயர் பெருமையாக அடுக்குகிறார். முதலியார் அசரவில்லை. சீவக சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று கேட்கிறார். இளைஞர் படித்ததில்லை. இதை எழுதும்போது அந்த மூன்று நூல்களையும் பதிப்பித்து முடித்த எண்பது வயதைத் தாண்டிய பெரியவர் அவர். நினைத்திருந்தால் அந்த இளைஞரின் பெருமிதத்தை மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை, அதனால்தான் அவர் எப்படி மாறினார் என்பது நமக்குத் தெரிகிறது.

அப்புறம், உங்கள் நோட்டை வேறு யாரோ எழுதியது போல ஒருமுறை படியுங்கள். பென்சிலால், அவசரமாகத் தாண்டிய இடங்களை மட்டும் குறியுங்கள். எனக்குக் கண்ணில் பட்ட ஒன்று: "பள்ளிக்கூடத்தில் என் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள். போகப் போகப் பழகிவிட்டது." யாருக்குப் பழகியது? சிரித்தவர்களுக்கா, உங்களுக்கா? அல்லது பேச்சையே மாற்றிக்கொண்டீர்களா? மாற்றியிருந்தால், வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எப்படிப் பேசினீர்கள்? இரண்டு வரிக்குள் ஒரு குழந்தையின் சில வருடங்கள் அடைபட்டுக் கிடக்கின்றன.

பழைய பாஸ்போர்ட், குடும்ப அட்டை இருந்தால் எடுத்துப் பாருங்கள். உங்களோடு வந்த சித்தி இருக்கிறாரே, அவரையும் கேளுங்கள். தேதி, வயது, பெயர் எதுவும் உங்கள் ஞாபகத்தோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். உடனே அடித்து எழுதிவிடாதீர்கள். காகிதம் சொல்வதையும் ஞாபகம் சொல்வதையும் சேர்த்தே எழுதுங்கள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. இன்றைக்கு யாராவது உங்கள் ஊரைக் கேட்டால் என்ன சொல்கிறீர்கள்? பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம், சம்பந்தி வீட்டில், தாலுகா அலுவலகத்தில், தாயகம் திரும்பிய இன்னொரு குடும்பத்திடம்? நாலு இடத்தில் நாலு பதில் வந்தால் அதில் எது உண்மை என்று குழம்ப வேண்டாம். நாலையும் எழுதுங்கள். நீங்கள் தேடும் 'நான்' ஒற்றைப் பெயராகத்தான் கிடைக்க வேண்டும் என்று யார் சொன்னது?

அண்ணன் விஷயம். எழுதுவது வேறு, வெளியிடுவது வேறு. எழுதும்போது யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். கேட்டால் கை கூசும். முடித்த பிறகு, அப்பா வருகிற பகுதிகளை அண்ணனுக்கு நீங்களே வாசித்துக் காட்டுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் அப்பாவின் குடிப்பழக்கத்தைத்தான் அவர் மனதில் வைத்துச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். அது உங்கள் வாழ்க்கையைத் தொட்ட அளவுக்கு எழுத உங்களுக்கு உரிமை உண்டு. அண்ணனுக்கும் அப்பாவுக்கும் நடுவில் மட்டும் நடந்தவற்றை அவருக்கே விட்டுவிடுங்கள். மண்டபத்தில் அவரும் வரிசையில் நின்றவர். அந்தப் பகுதியை முதலில் வாசித்துக் காட்டினால், நீங்கள் மறந்துபோனதை அவர் சொல்லக்கூடும்.