டாக்கோகிராஃபில் வேலை நேரத்தைச் சரியாகப் பதிவது எப்படி? சரக்கு ஏற்றும் நேரம் ஓய்வாகுமா?

ஆகாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் லாரி ஓட்டும்போது சக்கரம் சுழலும் நேரத்தை டாக்கோகிராஃப் (ஓட்டுநரின் வேலை, ஓய்வு நேரங்களைப் பதியும் வண்டிக் கருவி) தானே பதிந்துகொள்ளும். வண்டி நின்ற பிறகு போகும் நிமிடங்களுக்குத்தான் நீங்கள் பொறுப்பு. பிழை நுழைவதும் அங்கேதான்.

கருவியில் நான்கு குறிகள் உண்டு: ஸ்டியரிங் என்றால் ஓட்டுதல், சுத்தியல் என்றால் மற்ற வேலை, கோடு போட்ட சதுரம் என்றால் காத்திருப்பு, கட்டில் என்றால் ஓய்வு. வண்டி நின்றதும் கருவி தானாகச் சுத்தியலுக்கு மாறும். கட்டிலை நீங்கள்தான் அழுத்த வேண்டும். மறந்தால், 45 நிமிடம் படுத்து எழுந்தாலும் இடைவேளை எடுக்காதவர்தான். சில வண்டிகளில் சாவியை அணைத்ததும் கட்டிலுக்குப் போகும்படி அமைத்திருப்பார்கள். அங்கே ஆபத்து தலைகீழ். எஞ்சினை அணைத்துவிட்டுச் சரக்கு இறக்கினாலோ டீசல் போட்டாலோ அந்த வேலை ஓய்வாகப் பதிவாகிவிடும். டீசல் ரசீதில் உள்ள நேரத்தோடு ஒப்பிட்டாலே குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஏற்றுவது, இறக்குவது, அதை மேற்பார்ப்பது, தார்ப்பாய் கட்டுவது, டீசல் போடுவது, வண்டி கழுவுவது, காகித வேலை எல்லாமே சுத்தியல். புறப்படும் முன் டயர், விளக்கு, பிரேக் பார்ப்பதும் அப்படித்தான். கருவியில் உங்கள் ஓட்டுநர் கார்டைச் செருகியதும் நேரே ஸ்டியரிங் என்று பதிவு காட்டினால், எதையும் பார்க்காமல் கிளம்பிவிட்டீர்கள் என்றுதான் அதிகாரி எடுத்துக்கொள்வார்.

சதுரத்தைப் பலர் தாராளமாகப் போடுகிறார்கள். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்து, வண்டியை விட்டு நகரவும் முடிந்தால்தான் அது சதுரம். எப்போது கூப்பிடுவார்களோ என்று வரிசையில் உட்கார்ந்திருந்தால் சுத்தியல்.

நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை என்பது எல்லோருக்கும் தெரியும். அதைப் பிரித்தால் முதலில் குறைந்தது 15, பிறகு குறைந்தது 30 நிமிடம். முதலில் 30, பிறகு 15 என்று எடுத்தால் செல்லாது. பலர் கவனிக்காத இன்னொரு கணக்கு உண்டு: ஓட்டுதலும் சுத்தியலும் சேர்ந்து, இடைவேளை இல்லாமல் 6 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. காலையில் 2 மணி நேரம் சரக்கேற்றிவிட்டு 4 மணி நேரம் ஓட்டினால், ஓட்டும் கணக்கில் இன்னும் அரை மணி மிச்சம் இருந்தாலும் நிறுத்தியாக வேண்டும்.

அடுத்து, கைப்பதிவு. கார்டைச் செருகும்போது, அது வெளியே இருந்த நேரத்தில் என்ன செய்தீர்கள் என்று கருவி கேட்கும். "இல்லை" என்று தட்டிவிட்டுப் போகாதீர்கள். மாலை 6 மணிக்குக் கார்டை எடுத்து, 6.30 வரை வண்டி கழுவி, மறுநாள் காலை 6 மணிக்குச் செருகினால், அரை மணி சுத்தியல், மிச்சம் பதினொன்றரை மணி கட்டில். வீடோ நிறுவனமோ அல்லாத வேறோர் இடத்தில் நிற்கும் லாரியை எடுக்கக் கார் ஓட்டிப் போன நேரமும் சுத்தியல்தான்.

இங்கே கவனம்: கருவியின் உள்கடிகாரம் யூடிசி (உலகப் பொது நேரம்). ஜெர்மனியில் கோடையில் உள்ளூர் நேரம் அதைவிட 2 மணி முன்னால். சில கருவிகள் கைப்பதிவை உள்ளூர் நேரத்தில் கேட்கும், சில யூடிசியில். யூடிசி கேட்கும் கருவியில் 18.30 என்று உள்ளூர் நேரத்தைத் தட்டினால் கழுவியது இரவு 8.30 வரை நீண்டுவிடும். பதினொன்றரை மணி ஓய்வு ஒன்பதரையாகச் சுருங்கி, 9 மணி நேரக் குறைக்கப்பட்ட தினசரி ஓய்வுக் கணக்கில் விழும். இரண்டு வாராந்திர ஓய்வுகளுக்கு நடுவே அதற்கு மூன்று முறைதான் இடமுண்டு.

நாள் தொடக்கத்திலும் முடிவிலும் நாட்டுக் குறியைப் பதியுங்கள். எல்லை தாண்டினால், அடுத்து நிறுத்த முடிகிற முதல் இடத்திலும் பதிய வேண்டும். இரண்டாம் பதிப்பு ஸ்மார்ட் டாக்கோகிராஃப் எல்லை தாண்டியதைத் தானே பதிந்துவிடும்.

எதிர்பாராத நெரிசலில் நேரம் மீறினால், பொருத்தமான நிறுத்தத்துக்குப் போய்ச் சேர்ந்ததுமே கருவியிலிருந்து அச்சுத்தாள் எடுத்து, பின்புறம் காரணத்தைக் கையால் எழுதுங்கள். மறுநாள் எழுதினால் பயனில்லை. கார்டு தொலைந்தால் 7 நாளுக்குள் தெரிவித்து, புதிது வரும்வரை தினமும் புறப்படும்போதும் முடிக்கும்போதும் அச்சுத்தாள் எடுத்துப் பெயர், உரிம எண், கையெழுத்துப் போட்டு 15 நாள் வரை ஓட்டலாம். அது வெப்பத்தில் அச்சாகும் தாள். டாஷ்போர்டு வெயிலில் கிடந்தால் எழுத்து அழிந்துவிடும். சோதனையில் அன்றைய நாளோடு முந்தைய 56 நாள் பதிவையும் கேட்பார்கள் என்பதால், உறையில் போட்டு நிழலில் வையுங்கள்.