அம்மா பார்த்துவிட்ட மாத்திரை அட்டை

அன்புள்ள அக்கா,

எனக்கு 25 வயது. திருப்பூரில் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. கல்யாணமாகி ஏழு மாதம் ஆகிறது. சி.ஏ. படிப்பில் இன்னும் ஒரு குரூப் பாக்கி. அதை முடிக்கும்வரை, இரண்டு வருடத்துக்குக் குழந்தை வேண்டாம் என்று நானும் கணவரும் பேசி முடிவெடுத்தோம். ஆணுறை அவருக்கு வசதிப்படவில்லை. மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி வந்தார், மூன்று மாதமாகச் சாப்பிடுகிறேன். போன மாதம் அம்மா வந்திருந்தபோது கைப்பையில் அட்டையைப் பார்த்துவிட்டார். "முதல் பிள்ளைக்கு முன்னாடியே இதைச் சாப்பிட்டா கர்ப்பப்பை சுருங்கிடும்டி, அப்புறம் தவம் கிடந்தாலும் நிக்காது" என்று அழுதார். அன்றிலிருந்து போனில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. மாமியார் வாராவாரம் "ஏதாவது விசேஷம் உண்டா" என்று கேட்கிறார். நிறுத்திவிட்டேன் என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிடலாமா? மாத்திரை உண்மையிலேயே கெடுதலா? எனக்குப் பள்ளிக்கூட வயதிலிருந்தே ஒற்றைத் தலைவலி உண்டு. கண்ணில் மின்னல் மாதிரி கோடு ஓடும், அப்புறம் வலிக்கும். இந்தக் கவலையில் இப்போது அது அடிக்கடி வருகிறது.

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் கடிதம் வந்த அன்றே தனியாக நாலு வரி அனுப்பினேன். அதையே இங்கேயும் முதலில் எழுதுகிறேன், இதே நிலையில் இருக்கும் வேறு யாராவது படிக்கலாம்.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்தக் கடைசி வரிதான் என்னைப் பயமுறுத்தியது. கடையில் வழக்கமாகத் தரும் கருத்தடை மாத்திரைகளில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்று இரண்டு ஹார்மோன்கள் சேர்ந்திருக்கும். அரசு இலவசமாகத் தரும் மாலா-என் கூட அப்படித்தான். வலிக்கு முன்னால் கண்ணில் மின்னல் ஓடும் வகை ஒற்றைத் தலைவலி இருப்பவர்கள், எந்த வயதானாலும், ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரையைச் சாப்பிடக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். பக்கவாதம் வரும் வாய்ப்பை அது கூட்டுகிறது. உங்கள் வயதில் அந்த வாய்ப்பு சிறியதுதான், ஆனால் தெரிந்தே அதைச் சுமக்க வேண்டிய அவசியம் இல்லை. உடனே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள், இந்த மின்னலை மறக்காமல் சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்தும் நாளிலிருந்தே ஆணுறை வேண்டும். அவருக்கு வசதிப்படவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, கொஞ்ச நாள் வசதிக்குறைவைப் பொறுத்துக்கொள்வது இனி அவர் முறை. குழந்தை வேண்டாம் என்பது இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு. அதன் முழுப் பாரத்தையும் உங்கள் உடம்பு மட்டும் ஏன் தாங்க வேண்டும்?

மாத்திரை கெடுதலா என்று கேட்டீர்கள். கர்ப்பப்பையை அது சுருக்காது. நிறுத்திய பிறகு பெரும்பாலான பெண்களுக்கு ஓரிரு மாதத்தில் மாதவிடாய் பழைய ஒழுங்குக்கு வந்துவிடும், கருவும் நிற்கும். உங்கள் தோழி ஒருத்திக்கு அது மிகவும் பொருத்தமாக இருக்கலாம். உங்களுக்குப் பொருந்தாது. அதிக ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும், காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டு வந்தவர்களுக்கும், பிரசவமாகிச் சில வாரங்களே ஆன தாய்க்கும் பொருந்தாது. இதையெல்லாம் கேட்டுவிட்டுத் தர வேண்டிய மாத்திரையை நாம் கடையில் சோப்பு வாங்குவது போல வாங்கி வருகிறோம். அம்மா, மாமியார் கண்ணில் படாமல் இருக்க வேண்டும் என்ற அவசரத்தில் மருத்துவர் கண்ணிலும் படாமல் போய்விடுகிறது.

இனி அம்மாவைப் பற்றி. அவர் அழுததை அறியாமை என்று ஒதுக்கிவிடாதீர்கள். குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக 1952லேயே தொடங்கிய நாடு இது. சுவரெல்லாம் அதன் சின்னமான சிவப்பு முக்கோணத்தை வரைந்தார்கள். ஆனால் அந்தத் திட்டம் நம் அம்மாக்களிடம் வந்து சேர்ந்தபோது அதற்கு ஒரே ஓர் உருவம்தான் இருந்தது: இரண்டாவது பிள்ளை பிறந்ததும் ஆபரேஷன். 2019-21இல் எடுத்த தேசிய குடும்பநல ஆய்வைப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு கருத்தடை முறையைக் கையாளும் மணமான பெண்களில் பத்துக்கு எட்டுப் பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். அதைவிட எளிதான ஆண்களுக்கான ஆபரேஷனைச் செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. உங்கள் அம்மாவின் தலைமுறைக்குக் கருத்தடை என்றால் நிறுத்துவது. பிள்ளைப்பேற்றை மூடிப் பூட்டுவது. தள்ளிப்போடுவதற்கும் அதே பெயர்தான் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. மகளின் பையில் அந்த அட்டையைப் பார்த்தபோது, ஒரு பிள்ளைகூடப் பிறக்காத வீட்டில் பூட்டு விழுந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். யாருக்குத்தான் அழுகை வராது?

என் அம்மாவும் இப்படித்தான். 1998இல் நான் கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர் டி போட்டுக்கொண்டபோது, அது மேலே ஏறி நெஞ்சுக்குப் போய்விடும் என்று மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தார். கர்ப்பப்பையிலிருந்து நெஞ்சுக்கு வழி கிடையாது என்று படம் வரைந்தெல்லாம் காட்டினேன். கோபம்தான் கூடியது. பிறகு ஒருநாள் மொட்டை மாடியில் வடகம் பிழியும்போது, "உனக்கு எப்படிம்மா நடந்தது?" என்று கேட்டேன். கை நின்றுவிட்டது. நாலாவது பிரசவத்துக்குப் பிறகு, சமயபுரம் கோயிலுக்குப் போவதாகப் பாட்டியிடம் சொல்லிவிட்டு, பெரியாஸ்பத்திரிக்குப் போய் ஆபரேஷன் செய்துகொண்டு வந்திருக்கிறார். துணைக்குப் போனது பக்கத்து வீட்டு அத்தை. தையல் பிரிக்கும்வரை வீட்டில் யாருக்கும் தெரியாது, குனிந்து தண்ணீர்க் குடமும் தூக்கியிருக்கிறார். அதைச் சொல்லி முடித்துவிட்டு, "உனக்கு ஒண்ணுன்னா வாயைத் திறந்து சொல்லு, என்னை மாதிரி குடம் தூக்காதே" என்றார். காப்பர் டி பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவே இல்லை.

அதனால் பொய் சொல்ல வேண்டாம். அனுமதியும் கேட்க வேண்டாம், முடிவு உங்கள் இருவருடையது. ஆனால் அம்மாவிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. உங்களுக்கு எது பொருந்தும் என்று பார்க்கும் மருத்துவர், குடும்பத்தில் யாருக்காவது பக்கவாதம், ரத்தக்கட்டு, சிறுவயதிலேயே ரத்த அழுத்தம் வந்ததுண்டா என்று கேட்பார். அது உங்களுக்குத் தெரியாது, அம்மாவுக்குத்தான் தெரியும். பாட்டிக்கு எந்த வயதில் என்ன வந்தது, சித்திக்குத் தலைவலி உண்டா, இதையெல்லாம் போனில் கேளுங்கள். "அந்த மாத்திரை எனக்கு ஒத்துக்காதும்மா, டாக்டரைப் பார்க்கப் போறேன்" என்று அவர் பயந்ததில் பாதி சரி என்பதையும் ஒப்புக்கொள்ளுங்கள். இரண்டு வார்த்தையோடு போனை வைக்கிறவர் அன்றைக்கு வைக்கமாட்டார்.

மருத்துவரிடம் என்னென்ன கேட்கலாம் என்றும் சொல்லிவிடுகிறேன். உங்கள் நிலைக்கு முதலில் காப்பர் டி. அதில் ஹார்மோன் இல்லை, வகையைப் பொறுத்து ஐந்து வருடமோ பத்து வருடமோ நிற்கும், வேண்டும்போது எடுத்துவிடலாம். அரசு மருத்துவமனையில் இலவசம். முதல் சில மாதம் உதிரப்போக்கும் வயிற்றுவலியும் கூடலாம். குழந்தை பெறாதவர்களுக்குப் போடமாட்டோம் என்று சிலர் சொல்லக்கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலில் அப்படித் தடை இல்லை, அதைப் பணிவாகச் சொல்லிக் கேளுங்கள். அடுத்து சாயா மாத்திரை. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்தது, ஹார்மோன் கிடையாது. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. மாதவிடாய் சில சமயம் தள்ளிப்போகும், சினைப்பையில் நீர்க்கட்டி இருப்பவர்களுக்கு ஆகாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்தரா ஊசியும் உண்டு, ஆனால் அது ஹார்மோன். கடைசி ஊசிக்குப் பிறகு கரு நிற்க 7 முதல் 10 மாதம்வரை ஆகலாம் என்பதால், இரண்டு வருடக் கணக்கு வைத்திருக்கும் உங்களுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். ஆணுறையை நம்பியே இருக்கலாமா என்றால், எல்லோரும் பயன்படுத்தும் விதத்தில் வருடத்துக்கு நூறு பெண்களில் 13 பேருக்குக் கரு நின்றுவிடுகிறது. ஒவ்வொரு முறையும் தவறாமல், சரியாகப் போட்டால் அது வெகுவாகக் குறையும்.

மாமியாரிடம் நீங்கள் பேச வேண்டாம். அவர் மகன் பேசட்டும். "நாங்க ரெண்டு பேரும்தான் தள்ளிப் போட்டிருக்கோம், அவளைக் கேட்காதீங்கம்மா" என்று ஒரே ஒரு தடவை அவர் சொன்னால் போதும். உங்கள் அம்மா போய்ச் சொல்லிவிடுவாரோ என்ற பயமும் அதோடு போய்விடும். இதெல்லாம் புதுக்காலத்துப் பழக்கம் என்று யாராவது சொன்னால், பெண்ணின் விடுதலைக்காகவே கர்ப்பத்தடை வேண்டும் என்று பெரியார் 1930களிலேயே இதே தமிழில் எழுதிவிட்டார் என்று நீங்கள் மனதுக்குள்ளாவது நினைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமைக்கு டோக்கன் வாங்கியிருப்பதாக நேற்று எழுதியிருந்தீர்கள். நல்லது. அம்மாவையும் வரச் சொல்லுங்கள், அவருக்கும் மருத்துவரிடம் கேட்க ஏதாவது இருக்கும். உள்ளே மட்டும் முதலில் நீங்கள் தனியாகப் போங்கள். தலைவலி வந்த தேதிகளை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள், அந்த மாத்திரை அட்டையையும்.

அன்புடன்,
அக்கா