ஹென்லிக்குத் தாராளமாகப் போங்கள், கரையோரம் மட்டும் கையை விடாதீர்கள்

இங்கிலாந்தில் ரெடிங்குக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது, பிள்ளைகளுக்கு ஐந்தும் இரண்டும் வயது, ஆகஸ்ட் கடைசித் திங்கள் விடுமுறைக்கு தேம்ஸ் நதியோரம் இருக்கும் ஹென்லி ஆற்றங்கரைக்குப் போகலாமா, கார் இல்லாமல் முடியுமா, சாப்பாடு கிடைக்குமா, பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அக்கா என்று கூப்பிட்டுக் கேட்டதால் அக்காவாகவே சொல்கிறேன். தாராளமாகப் போங்கள். பார்க்க என்ன இருக்கிறது என்று யோசிக்கவே வேண்டாம். ஆறும் பாலமும் வாத்தும் இருக்கின்றன, அந்த வயசுக்கு அது போதும். நான் சொல்ல வந்தது கரையைப் பற்றி.

நான் கும்பகோணத்தில் காவிரிப் படித்துறையில் வளர்ந்தவள். முதல் படியில் கணுக்கால், அடுத்ததில் முழங்கால், அதற்கும் கீழே இடுப்பு என்று நம் ஊர் ஆறு சொல்லிச் சொல்லித்தான் ஆழமாகும். தேம்ஸ் அப்படி இல்லை. மில் மெடோஸ் என்கிற ஆற்றோரப் புல்வெளியில் புல் முடிகிற இடத்திலேயே தண்ணீர் தொடங்கிவிடும். பல இடங்களில் தடுப்புக் கம்பி கிடையாது. கரை செங்குத்தாக இறங்கும். மேலே பார்த்தால் குளம் மாதிரி அமைதியாக இருக்கும், அடியில் ஓட்டம் உண்டு.

2007 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு இது தெரியாது. ஜன்னல் வழியே நல்ல வெயில் தெரிந்தது. அதை நம்பிப் பருத்திச் சுடிதாரும் ஒரு சால்வையுமாகக் கிளம்பிவிட்டேன். மகனுக்கு மூன்று வயது. வாத்துக்குப் பின்னாலேயே ஓடினான். நான் பையில் தண்ணீர் பாட்டிலைத் தேடிய நேரத்தில் அவன் ஒரு கால் சறுக்கி முழங்கால் வரை தண்ணீருக்குள் போய்விட்டது. சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டேன். ஷூ ஒன்று போய்விட்டது. அது மெதுவாகச் சுற்றிக்கொண்டே பாலத்தை நோக்கிப் போனது இன்னமும் கண்ணில் நிற்கிறது. பிள்ளைக்கு உதடு நீலமாகி, அழக்கூட வராமல் பல் கிட்டித்தது. பக்கத்து பெஞ்சில் இருந்த ஒரு அம்மா எதுவும் கேட்காமல் வந்து, ஈர சாக்ஸைக் கழற்றித் தன் கையுறையால் அவன் பாதத்தைத் தேய்த்துவிட்டார். பிறகு தன் பிள்ளையின் பையிலிருந்து உலர்ந்த சாக்ஸ் ஒரு ஜோடி எடுத்துப் போட்டுவிட்டார். மஞ்சள் நிறம், குதிகாலில் சின்ன முயல் படம்.

அதனால்தான், இங்கே இருபது வருஷம் இருந்துவிட்டு 'வெள்ளைக்காரர்கள் ஒட்டமாட்டார்கள்' என்று புதிதாக வருபவர்களிடம் சொல்லும் நம்மவர்கள்மேல் எனக்குக் கோபம் வரும். ஐந்தாறு கார்களில் கூட்டமாகப் போய், புல்வெளியில் வட்டமாக உட்கார்ந்து, நமக்குள்ளேயே பேசிவிட்டுத் திரும்பினால் யார் வந்து ஒட்டுவார்கள்? முதல் தடவையாவது உங்கள் குடும்பம் மட்டும் போய் வாருங்கள். எதிரே வருபவர்களிடம் 'மார்னிங்' சொல்லுங்கள். நாய் வைத்திருப்பவர்களிடம் நாயின் பெயரைக் கேளுங்கள், பேச்சு தானாக வரும்.

கார் வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம். ரெடிங்கிலிருந்து ட்வைஃபோர்டு, அங்கே இறங்கி ஹென்லிக் கிளை ரயில். வார்க்ரேவ், ஷிப்லேக் தாண்டி சுமார் 12 நிமிடம். ஸ்டேஷனிலிருந்து ஆறு நடக்கும் தூரம்தான். ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்கு டிக்கெட் இல்லை. ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ் ரயில்கார்டு எடுத்தால் பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கும், ஐந்திலிருந்து பதினைந்து வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு 60 சதவீதமும் கட்டணம் குறையும். கார் வந்த பிறகு ஒரு எச்சரிக்கை: கேமரா வைத்த தனியார் பார்க்கிங்கில் வண்டி எண்ணைக் கவனமாக அடியுங்கள். பூஜ்யத்துக்குப் பதில் 'ஓ' அடித்ததற்காக, பணம் கட்டிய ரசீதைக் காட்டியும் எனக்கு அபராதத்தை விடவில்லை. அந்த அநியாயம் இன்னும் ஆறவில்லை.

சாப்பாடு கையில் கொண்டுபோங்கள். எலுமிச்சை சாதமும் தயிர் சாதமும் புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிட யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். குப்பையை மட்டும் திரும்ப எடுத்து வாருங்கள். சிப்ஸ் வாங்கினால் எந்த எண்ணெயில் பொரிக்கிறார்கள் என்று கேளுங்கள், சில கடைகளில் மாட்டுக் கொழுப்பு. பப்பில் மதியச் சமையலை மூன்று மணிக்கே நிறுத்திவிடுவதும் உண்டு. சந்தை வியாழக்கிழமை, திங்களன்று எதிர்பார்க்காதீர்கள். படகு வாடகைக்குக் கிடைக்கும். ஏறும்முன் லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கி, சின்னதுக்கு வார் இறுக்கமாக இருக்கிறதா என்று நீங்களே இழுத்துப் பாருங்கள்.

மகனுக்குப் பள்ளியிலேயே நீச்சல் சொல்லிக்கொடுத்தார்கள். இங்கிலாந்தில் ஆரம்பப் பள்ளி முடிப்பதற்குள் 25 மீட்டர் நீந்தத் தெரிய வேண்டும் என்பது பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. அவனோடு நானும் 36 வயதில் நகர நீச்சல்குளத்தில் சேர்ந்து கற்றுக்கொண்டேன். காவிரிக்கரையில் பிறந்தும் இடுப்பளவுக்கு மேல் இறங்கியதில்லை. அதைக் கற்றுக்கொண்டதில் இன்றும் எனக்குப் பெருமை.

2011இல் அப்பா வந்திருந்தபோது ஆடிப்பெருக்கன்று ஹென்லிக்குத்தான் கூட்டிப்போனேன். 1786இல் கட்டிய பாலம், ஐந்து வளைவு. அப்பா முதலில் கேட்டது, "தண்ணி எந்தப் பக்கத்துல இருந்து வருது?" படகில் போய்க் காட்டினோம். நடு வளைவின் உச்சிக்கல்லில் பக்கத்துக்கு ஒரு முகம் செதுக்கியிருக்கிறது. ஆறு வருகிற பக்கம் பார்ப்பது ஐசிஸ், போகிற பக்கம் பார்ப்பது தேம்ஸ். ஆக்ஸ்போர்டுக்காரர்கள் இந்த ஆற்றை ஐசிஸ் என்பார்கள் என்றதும், "நம்ம காவேரியைப் பொன்னின்னு சொல்ற மாதிரி" என்றார். டப்பாவிலிருந்து காப்பரிசி ஒரு சிட்டிகை எடுத்து, என்னைப் பார்த்துவிட்டு, தண்ணீரில் விட்டார். மீதியைக் கரை பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அது யாரோ தம் பெற்றோர் நினைவாக வைத்த பெஞ்ச், முதுகுப் பலகையில் பித்தளைத் தகடு. அப்பா அந்த எழுத்தைத் துண்டால் துடைத்துவிட்டுத்தான் சாய்ந்தார்.

சரி, விடுமுறை நாளில் தண்டவாள வேலைக்காக ரயிலை நிறுத்துவது இங்கே வழக்கம். திரும்பும் வண்டி நேரத்தைக் காலையிலேயே பார்த்து வையுங்கள். மாற்று சாக்ஸ் ஆளுக்கு இரண்டு ஜோடி.