97,500 ரூபாய் வரிக்குப் பயந்து வேலையை விடலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. மென்பொருள் நிறுவனத்தில் வேலை. வருடச் சம்பளம் 15 லட்சம், அதில் அடிப்படைச் சம்பளம் ஏழரை லட்சம். நிறுவனத்தின் பிஎஃப் பங்கு இதற்கு வெளியே. மாதாமாதம் 8,000 ரூபாய்க்கு மேல் வருமான வரி பிடித்துவிடுகிறார்கள். என்னோடு படித்த நண்பன் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறான். வருடம் ஒன்றரைக் கோடிக்கு வியாபாரம் நடக்கிறது, வருமான வரி ஒரு பைசா கிடையாது. விவசாய வருமானத்துக்கும் வரி இல்லை. நாட்டைத் தூக்கிச் சுமப்பது சம்பளக்காரன் மட்டும்தானா? இப்போது எங்கள் நிறுவனமே, "ஊழியராக இருக்க வேண்டாம், கன்சல்டன்டாக மாறிக்கொள்ளுங்கள், அதே 15 லட்சம் தருகிறோம்" என்கிறது. அப்படி மாறினால் பாதியை மட்டும் வருமானமாகக் காட்டலாம், வரியே வராது என்று தெரிந்த ஆடிட்டர் சொல்கிறார். மாறிவிடட்டுமா?

பதில்: அதே 15 லட்சத்துக்கு என்றால் மாறாதீர்கள். கணக்கைக் கீழே போட்டுக் காட்டுகிறேன். அதற்கு முன்னால் உங்கள் கோபத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். அதில் பாதிக்கு மேல் நியாயம் இருக்கிறது.

முதலில் நண்பர் கடை. அவர் ஏமாற்றுகிறார் என்று நினைக்காதீர்கள். சிறு வியாபாரிகளுக்கு 44ஏடி என்று ஒரு பிரிவு உண்டு. கணக்குப் புத்தகம் எழுத வேண்டாம், விற்பனையில் 8 சதவீதத்தை லாபமாகக் காட்டினால் போதும். வங்கி வழியாகவோ யுபிஐ வழியாகவோ வந்த பணத்துக்கு 6 சதவீதம். ஒன்றரைக் கோடிக்கு 6 சதவீதம் என்றால் 9 லட்சம். 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறைப்படி (கழிவுகள் குறைவு, வரி விகிதமும் குறைவு) 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்கு வரித் தள்ளுபடி இருப்பதால், கட்ட வேண்டியது பூஜ்யம். அவ்வளவு வியாபாரமும் ரொக்கத்தில் நடந்திருந்தாலும் 8 சதவீதம் சரியாக 12 லட்சம்தான். அப்போதும் பூஜ்யம்!

உண்மையில் அவருக்கு லாபம் 9 லட்சமா, 14 லட்சமா? அது அவருக்கு மட்டும்தான் தெரியும். கூடுதலாகச் சம்பாதித்தால் கூடுதலாகக் காட்ட வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. ஆனால் புத்தகமே எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்ட பிறகு அதை யார் சரிபார்ப்பது? உங்கள் சம்பளத்துக்கு அந்த இருட்டு மூலையே இல்லை. நிறுவனம் தரும் ஃபார்ம் 16 என்ற சம்பள, வரிச் சான்று கடைசி ரூபாய் வரை சொல்லிவிடுகிறது. சம்பளம் கைக்கு வரும் முன்பே வரி போய்விடுகிறது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பது இதுதான்.

இன்னொன்றும் உண்டு, இதை ஏனோ யாரும் அதிகம் பேசுவதில்லை. முறையாகப் புத்தகம் எழுதும் வியாபாரி கடை வாடகை, போன் பில், வண்டித் தேய்மானம் எல்லாவற்றையும் கழித்துவிட்டு மிச்சத்துக்கு வரி கட்டுகிறார். உங்களுக்கு மொத்தச் சம்பளத்துக்கும் வரி. புதிய முறையில் வேலைச் செலவுக்கென்று கிடைப்பது 75,000 ரூபாய் நிலைக்கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) மட்டும். ஆபீஸ் போய்வர ஆகும் செலவு, சட்டை, செருப்பு, வீட்டு இன்டர்நெட் எல்லாம் அதற்குள்ளேயே அடங்கிவிட வேண்டும். அந்த நிலைக்கழிவையும்கூட 2005 பட்ஜெட்டில் பிடுங்கிவிட்டு, 2018இல் 40,000 ரூபாயாகத் திருப்பிக் கொடுத்தார்கள்.

விவசாயத்துக்கு விலக்கு என்பது சுதந்திரத்துக்குப் பிறகு வந்ததல்ல, 1886 சட்டத்திலேயே இருந்தது. இன்று அரசியலமைப்புப்படி விவசாய வருமானத்தின் மீது வரி போடும் அதிகாரம் மாநிலங்களுடையது. 1972இல் பொருளாதார அறிஞர் கே.என். ராஜ் தலைமையிலான குழு பெரிய நில உடைமைகளுக்கு ஒரு வரியைப் பரிந்துரைத்தது. எந்தக் கட்சிக்கு அதைத் தொட தைரியம் வரும்? ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. விலக்கை எடுத்துவிட்டாலும் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் 12 லட்சத்தைத் தொடப் போவதில்லை. பிரச்சினை பெரிய தோட்டக்காரர்களிடமும், வேறு வழியில் வந்த பணத்தை "விளைச்சல்" என்று எழுதுபவர்களிடமும்தான் இருக்கிறது.

சரி, நாட்டைச் சுமப்பது நீங்கள் மட்டும்தானா? 2023-24இல் தனிநபர் வருமான வரியாக, பங்குப் பரிவர்த்தனை வரியையும் சேர்த்து, ரீஃபண்ட் போக 10.44 லட்சம் கோடி வந்தது. நிறுவனங்கள் கட்டியது 9.11 லட்சம் கோடி. கம்பெனிகளை விடத் தனிமனிதர்கள் அதிகம் கட்டுகிறார்கள். 2019 செப்டம்பரில் நிறுவன வரியின் அடிப்படை விகிதத்தை 30லிருந்து 22 சதவீதமாகக் குறைத்ததை இதோடு சேர்த்துப் பாருங்கள், உங்கள் எரிச்சல் புரிகிறது. ஆனால் அதே வருடம் ஜிஎஸ்டி மொத்த வசூல் 20.18 லட்சம் கோடி. அதைக் கட்டியது யார்? உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மா, ஆட்டோ ஓட்டுநர், விவசாயி எல்லோரும்தான். சோப்பு வாங்கும்போது சம்பளம் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. மாதம் 15,000 சம்பாதிப்பவரும் நீங்களும் அந்த சோப்புக்குக் கட்டும் வரி ஒன்றேதான், அவர் வருமானத்தில் அது பெரிய துண்டு. ஆகவே "வரி கட்டுபவர்கள் நாங்கள் மட்டும்தான்" என்பதை வாட்ஸ்அப்போடு விட்டுவிடுங்கள். "வருமான வரியை மறைக்க முடியாதவர்கள் நாங்கள் மட்டும்தான்" என்றால் நானும் கூட வருகிறேன்.

இனி உங்கள் பணம். 2025-26 கணக்கில், புதிய முறையில் 15 லட்சத்தில் நிலைக்கழிவு போக 14.25 லட்சம். முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், 20,000. அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதம், 40,000. மிச்சம் 2.25 லட்சத்துக்கு 15 சதவீதம், 33,750. கூட்டினால் 93,750, வரியின் மேல் போடும் கூடுதல் வரியான செஸ் 4 சதவீதம் சேர்த்து 97,500 ரூபாய். இதே சம்பளத்துக்கு 2024-25இல் 1,30,000 கட்டியிருப்பீர்கள்.

கன்சல்டன்டாக மாறினால், தனியாகத் தொழில் செய்யும் நிபுணர்களுக்கான 44ஏடிஏ பிரிவில் பாதியை, அதாவது ஏழரை லட்சத்தை, வருமானமாகக் காட்டலாம். வரி வராது. ஆடிட்டர் சொன்னது அதுவரை சரி. அவர் சொல்லாமல் விட்டது இது: அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் நிறுவனம் பிஎஃப்பில் போடுவதாக வைத்துக்கொண்டால் வருடம் 90,000 போகும். பணிக்கொடையான கிராஜுவிட்டி, மாத அடிப்படை 62,500 ரூபாயில் 26 நாளுக்கு 15 நாள் கணக்கில், வருடத்துக்குச் சுமார் 36,000. இந்த இரண்டு மட்டுமே 1,26,000. மிச்சமாகும் வரியைவிட 28,500 அதிகம். குடும்ப மருத்துவக் காப்பீட்டையும் சம்பளத்தோடு கூடிய விடுப்பையும் நான் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை. நிறுவனம் ஏன் இவ்வளவு தாராளமாக இதை நீட்டுகிறது என்பது இப்போது தெரிந்திருக்கும்.

சில வருடங்களுக்கு முன் ஒருவர் இதே யோசனையில் மாறினார். வீடு வாங்கலாம் என்று வங்கிக்குப் போனபோது இரண்டு வருட வருமான வரி ரிட்டர்ன் கேட்டார்கள். அதில் இருந்தது அவர் வாங்கிய பணத்தில் பாதி. என் மேசையில் அந்த இரண்டு தாள்களையும் பரப்பி வைத்து, "சார், என் வங்கிக் கணக்கில் முழுசும் வந்திருக்கே, அதைக் காட்டினா ஒத்துக்க மாட்டாங்களா?" என்று கேட்டார். ஒத்துக்கொள்ளவில்லை. அவர் நினைத்ததில் பாதிக்குத்தான் கடன் கிடைத்தது. உங்களுக்கு 34 வயது, வீட்டுக் கடன் எண்ணம் இருந்தால் இதை யோசியுங்கள்.

அப்புறம், அதே மேசை, அதே மேனேஜர், அதே ஒன்பது மணி, பெயர் மட்டும் கன்சல்டன்ட் என்றால், இது உண்மையில் சம்பளம்தான் என்று வரித்துறை சொல்ல இடம் இருக்கிறது. அப்படிச் சொன்னால் வரி, வட்டி, அதற்கு மேல் வருமானத்தைக் குறைத்துக் காட்டியதாக அபராதம். வேறு வாடிக்கையாளர்களையும் எடுத்துக்கொள்ளும் சுதந்திரம் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வேண்டாம்.

அந்தச் சுதந்திரமும் இருந்து, 19 லட்சம் தருகிறேன் என்றால் பேசலாம். 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வந்துவிடும், அதையும் நினைவில் வைத்துப் பேரம் பேசுங்கள். கையெழுத்துப் போடும் முன் சொந்தமாக ஒரு மருத்துவக் காப்பீடு எடுத்துவிடுங்கள், பின்னால் அல்ல.

வேலையிலேயே இருந்தபடி வரியைக் குறைக்க வழி கேட்டால், கழிவுகள் நிறைய உள்ள பழைய வரி முறை உங்களுக்கு எடுபடாது என்றே நினைக்கிறேன். நிலைக்கழிவு தவிர இன்னும் 5.44 லட்சம் அளவுக்குக் கழிவுகள் இருந்தால்தான் அது புதிய முறைக்குச் சமமாக வரும். 80சி பிரிவில் வரும் பிஎஃப் போன்ற சேமிப்பு ஒன்றரை லட்சம், வீட்டுக் கடன் வட்டி 2 லட்சம், மருத்துவக் காப்பீடு 25,000, என்பிஎஸ் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) 50,000 எல்லாவற்றையும் போட்டாலும் 4.25 லட்சம்தான். பெரிய வாடகைப்படி இருந்தால் மட்டும் தாளில் போட்டுப் பாருங்கள்.

புதிய முறையில் மிச்சமிருக்கும் உருப்படியான ஒரே கதவு, நிறுவனம் உங்கள் பெயரில் போடும் என்பிஎஸ். அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை, உங்களுக்கு 1,05,000. இதை உங்கள் 15 லட்சத்துக்குள்ளிருந்தே ஒதுக்கித் தரும்படி ஹெச்ஆரிடம் கேளுங்கள், வரி 81,120க்கு இறங்கும். 16,380 ரூபாய் மிச்சம். அந்தப் பணத்தில் பெரும்பகுதி ஓய்வுக்காலம் வரை கைக்கு வராது என்பதால், ஆறு மாதச் செலவுக்கான பணம் தனியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள். பல நிறுவனங்கள் நிதியாண்டின் தொடக்கத்தில் மட்டும்தான் சம்பள அமைப்பை மாற்றித் தருகின்றன. மார்ச் கடைசிக்குள் மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.