டர்போ சந்தேகங்கள்: அணைத்துப் போட்டால் ஏன் சரியாகிறது?

கேள்வி: என்னுடையது 2007 ஸ்கோடா லாரா 1.9 டிடிஐ. குன்னூர் மலைப்பாதையில் லாரியை முந்த ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பாதியிலேயே பிக்கப் போய்விடுகிறது. ஓரங்கட்டி, இஞ்சினை அணைத்துப் போட்டால் மறுபடி நன்றாக இழுக்கிறது. டர்போவை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?
– வாசகர், மேட்டுப்பாளையம்

பதில்: அவசரப்படாதீர்கள். டர்போ உடைந்திருந்தால் அணைத்துப் போட்டதும் சரியாகாது. பூஸ்ட் (டர்போ இஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்) தாறுமாறாகப் போவதைக் கண்டு, இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூதான் டீசலைக் குறைத்து, பிக்கப்பை மட்டுப்படுத்தும் பாதுகாப்பு நிலையான லிம்ப் மோடில் வண்டியைத் தள்ளுகிறது. முதலில் ஸ்கேனரில் எரர் கோடைப் பாருங்கள். பி0234 என்றால் பூஸ்ட் கேட்டதற்கு மேல் ஏறுகிறது. பி0299 என்றால் கேட்ட அளவுக்கு ஏறவில்லை. கோடைப் பார்க்காமல் பாகம் மாற்றுவது காசைக் கரியாக்கும் வேலை.

உங்கள் டர்போவில், இஞ்சின் புகை சுழற்றும் டர்பைனைச் சுற்றி அசையும் இறக்கைகள் இருக்கின்றன. ஊருக்குள் குறைந்த ஆர்பிஎம்மிலேயே ஓடும் வண்டியில் அவற்றின் மேல் கரி படிந்து, மூடிய நிலையிலேயே சிக்கிக்கொள்ளும். இறக்கைகள் மூடியிருந்தால் புகை வேகமாகப் பாய்ந்து டர்பைனை அதிகம் சுழற்றும்; முழு மிதியில் பூஸ்ட் கட்டுக்கடங்காமல் ஏறுவது இதனால்தான். மலையேற்றத்தில் இது முதலில் தெரியும்.

சோதிக்க, இஞ்சினுக்குப் பின்னால், வேக்கத்தால் (உறிஞ்சு விசையால்) அந்த இறக்கைகளை அசைக்கும் ஆக்சுவேட்டரின் ஹோஸைக் கழற்றிக் கை வேக்கம் பம்பை மாட்டுங்கள். தோராயமாக 4-5 அங்குலப் பாதரச அளவில் தண்டு நகரத் தொடங்கி, 18-ஐ நெருங்கும்போது முழுதாக நகர்ந்திருக்க வேண்டும். விட்டதும் தடங்கலின்றித் திரும்ப வேண்டும். விட்டு விட்டு நகர்ந்தால் கரி. பம்பை நிறுத்திப் பிடித்திருக்கும்போதே அதன் முள் இறங்கிக்கொண்டே வந்தால் டயாஃபிரம் கிழிந்திருக்கிறது. கரி என்றால் டர்போவைக் கழற்றிச் சுத்தம் செய்தாலே போதும். பிரிக்கும்முன் ஹவுசிங்கில் அடையாளக் கோடு போடச் சொல்லுங்கள். லீவரின் ஸ்டாப் ஸ்குருவை மட்டும் யாரும் தொடக் கூடாது.

எரர் கோடு பி0299 என்றால் வேக்கம் ஹோஸ்களில் தொடங்குங்கள். துணி சுற்றிய பழைய ரப்பர் ஹோஸ் பார்க்க நன்றாக இருக்கும், முனையை மடக்கினால் வெடிப்பு தெரியும். பழைய துண்டைக் கடையில் காட்டி, அதே உள்விட்டத்தில் சிலிக்கான் ஹோஸ் வாங்குங்கள். ஆக்சுவேட்டருக்குப் போகும் வேக்கத்தைக் கட்டுப்படுத்தும் என்75 வால்வில் மூன்று முனைகள் உண்டு: பம்பிலிருந்து வருவது, ஆக்சுவேட்டருக்குப் போவது, வெளிக்காற்றுக்குத் திறப்பது. இடம் மாற்றிச் செருகினாலும் இதே கோளாறு வரும். பிரேக் பெடலும் கல்லாக இறுகியிருந்தால், வேக்கம் பம்பையோ மெயின் லைனையோ சந்தேகிக்கலாம்.

கடைசியாக ரோட் டெஸ்ட். மூன்றாவது கியரில் 1500-லிருந்து 3500 ஆர்பிஎம் வரை முழு மிதி. பக்கத்தில் இருப்பவர் ஸ்கேனரில் 011 என்ற பிளாக்கை (அளவுகளின் தொகுப்பை) பதிவு செய்யட்டும். ஈசியூ கேட்ட பூஸ்டும் கிடைத்த பூஸ்டும் பக்கத்துப் பக்கத்தில் வரும். இரண்டும் எந்த இடத்தில் பிரிகின்றன என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

கேள்வி: இஞ்சின் ஓடாதபோதே ஸ்கேனரில் பூஸ்ட் 780 மில்லிபார் காட்டுகிறது. சென்சார் போய்விட்டதா?
– வாசகர், உதகை

பதில்: இல்லை. அது உங்கள் ஊர்க் காற்றின் அழுத்தம். உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அந்த அளவுதான் வரும்; சென்னையில் 1000-ஐ ஒட்டி வரும். சாவி ஆனில், இஞ்சின் ஓடாத நிலையில், ஈசியூவின் வளிமண்டல அழுத்த எண்ணும் பூஸ்ட் எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். 50 மில்லிபாருக்கு மேல் விலகினால் பூஸ்ட் சென்சாரைக் கழற்றி, முனையில் அப்பியிருக்கும் எண்ணெய்க் கரியைத் துடைத்துப் பாருங்கள்.

கேள்வி: இன்டர்கூலர் (டர்போ தரும் காற்றைக் குளிர்விப்பது) ஹோஸுக்குள் எண்ணெய் பிசுபிசுக்கிறது. டர்போ சீல் போய்விட்டதா?
– வாசகர், கரூர்

பதில்: மெல்லிய படலம் என்றால் கவலை வேண்டாம், இஞ்சின் ஆவிக் குழாய் வழியாக வருவது. அடியில் குளம்போலத் தேங்கினால்தான் டர்போ ஷாஃப்டின் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். ஹோஸுக்கு வெளியே, கிளிப் அருகே நனைந்திருந்தால் அங்கே காற்று கசிகிறது. சோப்புத் தண்ணீர் தடவி, 1 பாருக்கு மிகாமல் காற்றடித்தால் குமிழ் வரும்.