வரையத் தெரியாதவர் இன்டராக்‌ஷன் டிசைன் படிக்கலாமா?

இன்டராக்‌ஷன் டிசைனில் முதுகலை படிப்பது பற்றி இந்த முறை நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரு பொருளையோ மென்பொருளையோ பயன்படுத்துபவர் அதோடு எப்படிப் பழகுகிறார் என்பதை வடிவமைக்கும் துறை இது. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டு, மற்றவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: கணினி அறிவியல் படித்துவிட்டு புரோகிராமராக வேலை பார்க்கிறேன். எழுதும் புரோகிராமை விட, அதை யார் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதில்தான் மனம் போகிறது. முதுகலையில் இன்டராக்‌ஷன் டிசைன் படிக்க ஆசை. ஆனால் எனக்கு ஒரு நேர்கோடுகூட வரைய வராது. விண்ணப்பிக்கலாமா?

தாராளமாக. இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர்களே ஆளுக்கொரு பக்கமிருந்து வந்தவர்கள்தான். பில் மொக்ரிட்ஜ் பொருட்களை வடிவமைப்பவர். 1982-ல் வெளிவந்த கிரிட் காம்பஸ் மடிக்கணினிக்கு, திரையை மடித்து மூடும் அந்த உருவத்தைக் கொடுத்தவர் அவர். கணினியின் உடம்பை அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தவர், அது கைக்கு வந்து உட்கார்ந்து வேலை செய்ய ஆரம்பித்ததும் அந்த உடம்பையே மறந்துபோனார். கவனமெல்லாம் திரைக்குள் நடப்பதில் போய்விட்டது. அப்படியானால் அதையும் ஒருவர் வடிவமைக்க வேண்டுமே என்று தோன்றியதில் தொடங்கி, 1980களில் பில் வெர்ப்ளாங்குடன் சேர்ந்து இன்டராக்‌ஷன் டிசைன் என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். வெர்ப்ளாங்க் பொறியியல்காரர்: ஸ்டான்ஃபோர்டில் மெக்கானிக்கல், எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டம், அப்புறம் ஜெராக்ஸில் ஸ்டார் கணினியின் திரையை ஆட்களை வைத்துச் சோதித்துப் பார்க்கும் வேலை. கில்லியன் கிராம்ப்டன் ஸ்மித் பத்திரிகைப் பக்கங்களை வடிவமைத்தவர். 1981-ல் தன் வேலைக்காகப் பக்க அமைப்பு மென்பொருள் ஒன்றைத் தானே எழுதிக்கொண்டார், பிற்பாடு லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் இந்தத் துறைக்கென்றே ஒரு முதுகலைப் பிரிவை உருவாக்கினார். ஆக, புரோகிராமர் என்பது இங்கே குறை கிடையாது.

வரைவது பற்றி. உங்கள் தலைக்குள் இருக்கும் யோசனையை எதிரில் இருப்பவர் பார்த்து "இது இப்படி வேலை செய்யாதே" என்று சொல்லும் அளவுக்குத் தாளில் கொண்டுவர முடிந்தால் போதும். பெட்டி, அம்புக்குறி, குச்சி மனிதன், ஒரு கை. வெர்ப்ளாங்க் பேசிக்கொண்டே வரைவதில் பேர்போனவர். அந்தப் படங்களை யாரும் சுவரில் மாட்ட மாட்டார்கள், ஆனால் பார்த்ததும் விஷயம் புரிந்துவிடும். எந்தப் பொருளைப் பற்றியும் அவர் கேட்கும் மூன்று கேள்விகளை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். பயன்படுத்துபவர் எப்படிச் செய்கிறார் (திருகுகிறாரா, பொத்தானை அமுக்குகிறாரா)? செய்தது நடந்ததா என்பதை எப்படி உணர்கிறார்? அடுத்து என்ன என்பது அவருக்கு எப்படித் தெரிகிறது, முழு வரைபடமும் மனதில் இருக்கிறதா, இல்லை ஒவ்வொரு அடியாக வழிகாட்ட வேண்டுமா?

உங்களுக்கு உண்மையில் சிரமம் தரப்போவது வேறு. முதலில் தோன்றிய யோசனையையே உட்கார்ந்து கட்டி முடித்துவிடும் பழக்கம் புரோகிராமர்களுக்கு உண்டு. ஸ்டுடியோ என்ற செய்முறை வகுப்பில் ஒரே பிரச்சினைக்கு இருபது யோசனை கொண்டுவரச் சொல்வார்கள். மறுநாள் சுவரில் ஒட்டி, வகுப்பே சுற்றி நின்று பேசும். கிரிட்டிக் என்பார்கள். பதினெட்டு யோசனை அங்கேயே விழுந்துவிடும். அதைத் தன் மேல் விழுந்த அடியாக எடுத்துக்கொள்ளாமல் இருக்கப் பழகுவதற்கே பலருக்கு முதல் செமஸ்டர் போய்விடும்.

கேள்வி: திரைகளை வடிவமைக்கும் மென்பொருளான ஃபிக்மா நன்றாகத் தெரியும், ஒரு குறுகிய காலப் படிப்பும் முடித்துவிட்டேன். இதற்கு மேல் இரண்டு வருடம் செலவழித்து எதற்கு முதுகலை?

திரை வடிவமைக்கும் வேலை ஒன்றுதான் உங்கள் இலக்கு என்றால் முதுகலை வேண்டாம். வேலையில் சேர்ந்து கற்றுக்கொள்வது வேகமானது, கையில் சம்பளமும் வரும். இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை, ஏனென்றால் மென்பொருள் கற்றுத் தருவார்கள் என்று நம்பிப் போய் மனம் வெறுத்து நிற்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல துறைகளில் ஃபிக்மாவுக்கென்று தனி வகுப்பே இருக்காது.

அந்த இரண்டு வருடம் தருவது, வேலையில் கிடைக்காத ஒரு சுதந்திரம். அலுவலகத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது உங்களிடம் வருவதற்கு முன்பே முடிவாகியிருக்கும். எப்படி இருக்க வேண்டும் என்பது மட்டும் உங்கள் கையில். இங்கே, எது பிரச்சினை என்பதையே நீங்கள் போய்ப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும், அது தப்பாகிவிட்டால் வேறு ஒன்றைத் தேட வேண்டும், அதற்கு நேரமும் உண்டு, உடன் உட்கார்ந்து கேள்வி கேட்க ஒரு ஆசிரியரும் உண்டு.

ஓர் உதாரணம். இத்தாலியில் இவ்ரேயா என்ற ஊரில் 2001-ல் இன்டராக்‌ஷன் டிசைனுக்கென்று ஒரு கல்வி நிலையம் தொடங்கி, சில வருடங்களே நடந்தது. அங்கே படித்த எர்னாண்டோ பர்ராகான் என்ற மாணவர், மின்னணு தெரியாத டிசைனர்களும் கலைஞர்களும் சென்சார், மோட்டார், விளக்கு இவற்றை வைத்து விளையாடிப் பார்க்க வழியில்லாமல் திண்டாடுவதைத் தன் முதுகலை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். ஒரு சிறிய சர்க்யூட் போர்டு, எளிமையான கட்டளைகள், எழுதி அனுப்ப ஒரு மென்பொருள். 2003-ல் அவர் தொடங்கிய 'வயரிங்' என்ற அந்தத் திட்டத்தின் மீதுதான் 2005-ல் அதே இடத்தில் ஆர்டுயினோ எழுந்தது. இன்று உலகம் முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள் கையில் இருக்கும் அந்த போர்டுக்குப் பின்னால் ஒரு மாணவரின் ஆய்வேடு இருக்கிறது. எந்த வாடிக்கையாளரும் அப்படி ஒன்றைச் செய்து தரச் சொல்லி அவரிடம் வரவில்லை.

கேள்வி: சில இடங்களில் எச்.சி.ஐ. (ஹியூமன்-கம்ப்யூட்டர் இன்டராக்‌ஷன், மனிதர்–கணினி ஊடாட்டம்) என்கிறார்கள், சில இடங்களில் இன்டராக்‌ஷன் டிசைன் என்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

பாதிக்கு மேல் ஒன்றுதான், ஆனால் எந்தத் துறைக்குள் இருக்கிறது என்று பாருங்கள், அது நிறையச் சொல்லும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் எச்.சி.ஐ. முதுகலை கணினி அறிவியல் பள்ளிக்குள் இருக்கிறது. அதே வளாகத்தில் டிசைன் பள்ளி தனியாக முதுகலை நடத்துகிறது. ஸ்வீடனின் ஊமியோவிலும் ஐஐடி பம்பாயின் ஐடிசியிலும் இன்டராக்‌ஷன் டிசைன் என்பது டிசைன் பள்ளிக்குள் இரண்டு வருடப் படிப்பாக இருக்கிறது.

பொதுவாக, எச்.சி.ஐ. பக்கம் போனால் சோதனை அமைப்பது, அளப்பது, புள்ளியியல் எல்லாம் அதிகம் வரும். தொட வேண்டிய இலக்கு தூரமாகவும் சிறிதாகவும் ஆக ஆக, அதை எட்டும் நேரம் கூடும் என்று 1954-ல் பால் ஃபிட்ஸ் காட்டினாரே, அந்த மாதிரி விஷயங்களை நீங்களே அளந்து பார்ப்பீர்கள். டிசைன் பள்ளியில் செய்து செய்து பார்ப்பது அதிகம், எழுதுவது குறைவு. அடுத்து முனைவர் பட்டம் என்ற எண்ணம் இருந்தால் முதலாவது வசதி. அதற்கு மேல் இந்தப் பெயர்களைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: போர்ட்ஃபோலியோவில் (விண்ணப்பத்தோடு காட்டும் வேலைத் தொகுப்பில்) என்ன வைப்பது? வாடிக்கையாளர் வேலை எதுவும் என்னிடம் இல்லை. பிரபலமான ஒரு ஆப்பைப் புதுசாக டிசைன் செய்து காட்டலாமா?

தயவுசெய்து வேண்டாம். தேர்வுக் குழு அந்த மாதிரிப் புதுப்பிப்புகளைக் கட்டுக்கட்டாகப் பார்த்திருக்கும். அதில் வண்ணம் மாறியிருக்கும், ஓரம் வளைந்திருக்கும். ஏன் மாறியது என்பதற்குப் பதில் இருக்காது. வீட்டிலேயே ஒன்றை எடுங்கள்.

ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை வைத்துச் சொல்கிறேன். வயதான ஒருவர் அதைப் பயன்படுத்துவதை, வாயைத் திறக்காமல், உதவி செய்யாமல், பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பல கருவிகளில் தொடங்கும் பொத்தானும் பழைய அளவைக் காட்டும் பொத்தானும் அருகருகே இருக்கும். அவர் இரண்டாவதை அமுக்குகிறார் என்று வையுங்கள். பட்டை உப்பவே இல்லை, ஆனால் எண் வந்துவிட்டது. மூலையில் ஒரு சின்ன எழுத்து, இது நினைவில் இருந்த அளவு என்கிறது. கண்ணாடி இல்லாமல் அது அவருக்குத் தெரியாது. நேற்றைய எண்ணை இன்றைய தேதி போட்டு நோட்டில் எழுதிக்கொள்கிறார். அந்த நோட்டைப் பார்த்துத்தான் மருத்துவர் மாத்திரையைக் கூட்டுவார், குறைப்பார்.

இது ஒரு பெரிய கண்டுபிடிப்பு. இதைப் பார்த்தவுடன் ஆப் செய்ய ஓடாதீர்கள். முதலில் அட்டையை வெட்டி அந்தப் பழைய அளவுப் பொத்தானை மூடிவிட்டு மறுநாள் பாருங்கள். தவறு நின்றுவிட்டதா, இல்லை அவர் பழைய அளவைப் பார்ப்பதற்காகவே தெரிந்துதான் அமுக்கினாரா? அப்படியென்றால் பொத்தானை எடுக்கக் கூடாது, எண்ணுக்கு முன்னால் "நேற்று" என்று பெரிதாக வர வேண்டும். தாளில் எழுதிக் கருவியின் திரை மேல் வைத்து அதையும் சோதியுங்கள். இன்னும் இரண்டு மூன்று பேரிடம் காட்டுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் புகைப்படம், அவர் சொன்ன வார்த்தைகள், நீங்கள் என்ன நினைத்தீர்கள், எது பொய்த்துப்போனது, எல்லாவற்றையும் அப்படியே போர்ட்ஃபோலியோவில் வையுங்கள். கடைசிப் படம் அழகாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

இப்படி இரண்டு அல்லது மூன்று வேலைகள் போதும். குழுவாகச் செய்தது என்றால் அதில் உங்கள் பங்கு எது என்று ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள். நேர்முகத்தில் முதலில் குடைவது அதைத்தான்.

கேள்வி: ஏஐ நொடியில் திரைகளை வரைந்து தருகிறது. இந்தப் படிப்பு இனி தேவையா?

ஐம்பது திரையை அது தரும். ரத்த அழுத்தக் கருவியில் அந்தப் பெரியவர் எந்தப் பொத்தானை ஏன் அமுக்கினார் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, ஏஐ எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதே இப்போது டிசைன் வேலைதான். அது தப்பாகச் சொன்னால் பயனருக்கு எப்படித் தெரியும்? தெரிந்தபின் எப்படித் திருத்துவார்? இதைத் தொழில்நுட்பம் தயாராவதற்கு முன்பே ஆராயலாம். பேசினால் தானே எழுதிக்கொள்ளும் இயந்திரம் எப்படி இருந்தால் மக்களுக்கு ஒத்துவரும் என்று 1980களின் தொடக்கத்தில் ஐபிஎம் ஆய்வாளர்கள் சோதித்தபோது, அப்படி ஒரு இயந்திரம் அவர்கள் கையில் இல்லை; அடுத்த அறையில் ஒருவர் காதில் கேட்டதைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். விசார்ட் ஆஃப் ஓஸ் என்று இந்த முறையை முதல் வருடத்திலேயே பழக்குவார்கள்.

கேள்வி: வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்க முடியுமா?

முடியும். மருத்துவமனையிலோ வங்கியிலோ பள்ளியிலோ வேலை பார்த்தவருக்கு, அங்கே மக்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பது ஏற்கெனவே தெரியும். வகுப்பில் இருக்கும் இருபத்திரண்டு வயதுக்காரர் அதைத் தெரிந்துகொள்ளவே மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

கேள்வி: இரண்டு இடங்களில் இடம் கிடைத்திருக்கிறது. எதை எடுப்பது?

இரண்டு இடத்திலும் கடந்த வருட மாணவர்களின் ஆய்வேடுகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். எல்லாமே ஆப்பாக முடிந்திருந்தால் யோசிக்க வேண்டிய விஷயம். அப்புறம், இப்போது படிக்கும் மாணவர் ஒருவரைப் பிடித்து மூன்று விஷயம் கேளுங்கள்: ஆசிரியர் வாரத்தில் எவ்வளவு நேரம் உங்கள் மேசைக்கு வருகிறார், கடைசியாக எப்போது வளாகத்துக்கு வெளியே போய் ஆட்களைப் பார்த்தீர்கள், கிரிட்டிக்கில் யாரெல்லாம் பேசுகிறார்கள். மூன்றாவதற்கு "ஆசிரியர் மட்டும்தான்" என்று பதில் வந்தால், நான் அடுத்த இடத்தைத்தான் எடுப்பேன்.