ஊசி நூல் இல்லாமல் ஃபர் துணியில் ஒரு மாடு: கடலோர வீட்டுக்கு ஏற்ற முறை

கேள்வி: கறுப்பிலும் வெள்ளையிலும் ஃபர் துணி வாங்கி வைத்திருக்கிறேன். தைக்கத் தெரியாது. மாட்டுப் பொங்கலுக்கு ஹாலில் வைக்க ஒரு மாடு செய்ய ஆசை. போன முறை செய்தித்தாளைச் சுருட்டி, ஃபெவிகால் போட்டு ஒட்டினேன். ஐப்பசி மழை வந்ததும் வாடை அடித்தது, வயிற்றுப் பக்கம் துணியும் கழன்றுவிட்டது. தைக்காமலேயே உறுதியாகச் செய்ய வழி உண்டா?
வாசகி, தங்கச்சிமடம்

பதில்: தாராளமாக உண்டு. உங்கள் கைவேலையில் குறை இல்லை. உள்ளே வைத்த பொருள்தான் நம் ஊர்க் காற்றுக்கு ஒத்துவரவில்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் கடல் உப்பு தானாக நீரை இழுத்துக் கசகசக்க ஆரம்பிக்கும். பாம்பன், மண்டபம் பக்கம் பல இரவுகள் அப்படித்தான். செய்தித்தாள் அந்த ஈரத்தைக் குடித்துப் பூஞ்சை பிடித்துவிடும். வெள்ளை ஃபெவிகாலும் ஈரம் தொடர்ந்து பட்டால் திரும்ப இளகும்.

அதனால் தண்ணீர் குடிக்காத உடம்பாகப் பார்த்துச் செய்யுங்கள். 2 லிட்டர் குளிர்பான பாட்டில் ஒன்றை எடுத்து, மூன்றில் ஒரு பங்கு நன்றாகக் காய்ந்த மணலைப் போட்டு இறுக மூடுங்கள். மணல் இருந்தால் காற்றுக்கு உருளாது. மேலே வயிறும் திமிலும் வர, கழித்துப் போட்ட நைலான் வலையைச் சுற்றிக் கட்டுங்கள். உங்கள் ஊரில் வலைக்குப் பஞ்சமில்லை. நைலான் மக்காது, எளிதில் காயும். ஆனால் சோப்புத் தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் நாலு முறை அலசி, வெயிலில் காயவைத்த பிறகுதான் சுற்ற வேண்டும். மீன் வாடை ஒட்டிக்கொண்டால் ஃபர் துணியிலிருந்து அதை எடுக்கவே முடியாது. தலைக்கு அரை லிட்டர் பாட்டிலைப் பாதியாக வெட்டிக்கொண்டால் போதும். கழுத்து, பிளாஸ்டிக் உறை போட்ட மின்கம்பி. வெறும் இரும்புக் கம்பி இங்கே ஒரே மழைக்காலத்தில் துருவேறி, வெள்ளைத் துணியில் கறையாக இறங்கும்.

மாட்டைப் படுத்த நிலையில் செய்யுங்கள். ராமேஸ்வரம் கோயிலின் பெரிய நந்தியை எத்தனையோ தடவை பார்த்திருப்பீர்கள். கால் மடக்கி உட்கார்ந்த அந்த உருவத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தைக்காமல் ஒட்டும் வேலையில் நாலு கால்தான் பெரிய தலைவலி. மடக்கிய காலுக்கு, வலையைத் திணித்த நாலு சிறு உருளைகள் போதும்.

இனி துணி. இதில்தான் அழகு முழுவதும் இருக்கிறது. ஃபர் துணியைத் தடவிப் பாருங்கள்: ஒரு பக்கம் வழுவழுவென்று போகும், எதிர்ப்பக்கம் நிமிரும். முடி படியும் திசையைப் பின்புறத்தில் பேனாவால் அம்புக்குறியாகப் போட்டுக்கொள்ளுங்கள். உடம்புக்கு அம்பு கழுத்திலிருந்து வாலுக்கு. முகத்துக்கு நெற்றியிலிருந்து மூக்குக்கு. மாடு வாங்கப் போகிறவர்கள் நெற்றிச் சுழியைப் பார்ப்பார்கள் இல்லையா, முகத்து முடி அந்தச் சுழியிலிருந்துதான் கீழே இறங்கும். இந்தத் திசை மாறினால் எவ்வளவு நேர்த்தியாக ஒட்டினாலும் பொம்மை கரடி மாதிரி ஆகிவிடும்.

வெட்டும்போது துணியைக் கவிழ்த்துப் போட்டு, பின்புறத் துணியை மட்டும் கட்டர் பிளேடால் கீறுங்கள். முடியில் பிளேடு படவே கூடாது. கத்தரிக்கோலால் நறுக்கினால் முடி குட்டையாகி இணைப்பு கோடாகத் தெரியும். கச்சான் காற்று வீசும்போது வாசலில் உட்கார்ந்து வெட்டாதீர்கள், உதிரும் முடி மூக்கிலும் சோற்றிலும் வந்து விழும். மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள்.

கறுப்புத் திட்டுகளை வெள்ளைத் துணியின் மேலே ஒட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை, ஓரம் தூக்கிக்கொண்டே நிற்கும். வெள்ளைத் துணியின் பின்புறம் திட்டை வரைந்து அந்த இடத்தைக் கீறி எடுத்துவிடுங்கள். எடுத்த துண்டையே அச்சாக, கறுப்புத் துணியின் பின்புறத்தில் அம்பு அம்போடு பொருந்த வைத்து வரைந்து வெட்டி, அந்த ஓட்டையில் பதியுங்கள். பின்பக்கம் காடாத் துணிக் கீற்றை ரப்பர் பசையால் ஒட்டினால் இரண்டும் ஒரே துணி ஆகிவிடும். அப்புறம் முன்பக்கம் திருப்பி, இணைப்பில் சிக்கிய முடியைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் இழுத்து விடுங்கள். கோடு மறைந்துவிடும். கறுப்பு வெள்ளைதான் வேண்டும் என்றில்லை. பழுப்புத் துணி கிடைத்தால் நெற்றியில் மட்டும் வெள்ளை வைத்து, சுட்டி விழுந்த செவலை செய்யலாம். எனக்கு அதுதான் பிடிக்கும்.

பசை விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். முதன்முதலாகச் செய்தபோது தெர்மாகோல் தலையில் ரப்பர் பசையைத் தடவி வைத்தேன். காலையில் பார்த்தால் கன்னம் குழிந்து, தலை பாதி கரைந்திருந்தது. அந்தப் பசையில் உள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். இங்கே பாட்டிலும் வலையும்தான் இருப்பதால் அந்தப் பயம் இல்லை. ரப்பர் பசையை இரண்டு பரப்பிலும் மெல்லியதாகத் தடவி, விரல் வைத்தால் லேசாக ஒட்டும் பதம் வரும்வரை காத்திருந்து அழுத்துங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது. குளூ கன் காதுக்கும் கண்ணுக்கும் சரி. உடம்புத் துணிக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம், வெயில் நேராகப் பட்டால் அந்தப் பசை இளகும். துணியின் இரண்டு ஓரமும் வயிற்றுக்கு அடியில் சேரட்டும். அங்கே பசை போட்டு, ரெக்சின் பட்டை ஒன்றையும் மேலே ஒட்டிவிடுங்கள். பாரம் தாங்கும் கழுத்தைப் பசைக்கு விடாமல் நைலான் நூலால் கட்டிவிட்டுத் துணியைப் போர்த்துங்கள்.

கொம்பை எம்-சீலில் பிடித்துக் காயவைக்கலாம், ஈரம் அதை ஒன்றும் செய்யாது. மூக்குக்குக் கறுப்பு ரெக்சின். முகத்து முடியை மட்டும் அரை சென்டிமீட்டர் அளவுக்கு நறுக்கி விடுங்கள், முகம் துலங்கும். வாலுக்குப் படகுக் கயிற்றில் ஒரு துண்டு எடுத்து, நுனியைப் பிரித்துவிட்டால் குஞ்சம் தயார். கண்ணுக்குப் பாசிமணி வைப்பதாக இருந்தால், வீட்டில் 3 வயதுக்குக் கீழே குழந்தை இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இருந்தால் கண்ணையும் ரெக்சினில் வெட்டி ஒட்டுங்கள்.

மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் முடியின் திசையிலேயே துடைத்து, நிழலில் காற்றாட வையுங்கள். மாட்டுப் பொங்கலன்று அதன் முன்னால் விளக்கோ சூடமோ ஏற்றாதீர்கள். ஃபர் துணியில் பெரும்பாலும் அக்ரிலிக்தான், ஒரு பொறி விழுந்தாலும் பற்றி உருகிவிடும். பொட்டு வைத்து, கழுத்தில் ஒரு சிறு மணி கட்டி, விளக்கை நாலடி தள்ளி வையுங்கள்.